“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே”: ஒரு சாயப்பட்டறையில் ரிக்வயர்மென்ட் கேட்கக் கற்றுக்கொண்டது

2018 ஜூன் மாதம், ராத்திரி 11 மணி இருக்கும். திருப்பூரிலிருந்து போன். நாங்கள் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த சாயப்பட்டறையின் நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் பேசினார். “சார், மெஷின் காலியா நிக்குது. துணி ரெடியா இருக்குது. உங்க கம்ப்யூட்டர் லாட் போட விடமாட்டேங்குது. என்ன பண்றதுங்க?”

விசாரித்தேன். ஒரு பார்ட்டியின், அதாவது சாயம் போடத் துணி அனுப்பும் வாடிக்கையாளரின், பாடி துணி ஒரு டிசியில் வந்திருக்கிறது. அதற்கான ரிப் துணி இரண்டு நாள் கழித்து, வேறொரு நிட்டிங் கம்பெனியிலிருந்து, வேறொரு டிசியில் வந்திருக்கிறது. (டிசி என்பது துணியோடு வரும் டெலிவரி சலான். பாடி டீ-ஷர்ட்டின் உடம்புக்கான துணி, ரிப் கழுத்துப்பட்டிக்கானது. லாட் என்பது ஒரே தடவையில் மெஷினில் ஏற்றிச் சாயம் போடும் துணி.) இரண்டையும் ஒரே லாட்டில் ஏற்ற வேண்டும். நாங்கள் எழுதியதிலோ ஒரு லாட்டுக்கு ஒரு டிசி எண்தான் கொடுக்க முடியும். “ரெண்டு லாட்டாப் போட்டுக்கலாமே?” என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மிகப் பொறுமையாகச் சொன்னார்: “தனித்தனியா ஓட்டுனா ஷேடு மாறிடுமுங்க. டீ-ஷர்ட்டுல உடம்பு ஒரு கலர், கழுத்துப்பட்டி ஒரு கலர்னு நிக்கும். பாடியும் ரிப்பும் ஒண்ணாத்தான் ஓட்டணும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே.”

எனக்குத் தெரியாது. நான்கு மாதம் அதை எழுதிய எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியாது. முதலாளியோடு ஏழெட்டு மணி நேரம் பேசியிருந்தேன். சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று, அதாவது ரிக்வயர்மென்ட்டை, 46 பக்கத்துக்கு ஆவணமாக எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அதில் ‘ரிப்’ என்ற சொல்லே ஓரிடத்திலும் இல்லை.

அந்த ராத்திரி அவர்கள் இல்லாத ஒரு டிசி எண்ணைப் போட்டு லாட்டை ஓட்டினார்கள். மறுநாளிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. மூன்று வாரத்தில் கம்ப்யூட்டரில் இருந்த கணக்குக்கும் குடோனில் இருந்த துணிக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. ஸ்டோர்காரர் தன் பழைய நோட்டை மறுபடி எடுத்துக்கொண்டார்.

எங்கே பிசகினோம் என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். இதே பிசகைப் பல பேர் இன்றும் செய்வதைப் பார்க்கிறேன். 2018 பிப்ரவரியில் முதலாளி எங்களைக் கூப்பிட்டபோது ஜிஎஸ்டி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஜாப் வொர்க்குக்கு, அதாவது கூலிக்குச் சாயம் போட, வரும் துணிக்கு டிசி ஒழுங்காக இருக்க வேண்டும், மூன்று பிரதி வேண்டும், பார்ட்டி அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் அவரிடம் திரும்பியாக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் வேறு வரப்போகிறது என்ற பேச்சு. முதலாளி தன் அறையில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, “ஸ்டாக் கரெக்டாத் தெரியணும், டிசி அடிக்கணும், பில் போடணும். அவ்வளவுதானுங்க” என்றார். அக்கவுண்டன்ட் பக்கத்திலேயே இருந்தார். ஸ்டோர்காரரை ஐந்து நிமிடம் கூப்பிட்டார்கள். முதலாளி எதிரில் நின்றபடி நான் கேட்ட எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்றார்.

எனக்குச் சொந்த ஊர் ஈரோடு. எங்கள் பக்கத்தில் “சரிங்க” என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றுதான் பொருள். ஒத்துக்கொண்டேன் என்பது அதில் அடங்காது. வீட்டில் ஆயிரம் தடவை நானே அப்படிச் சொன்னவன். ஆனால் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அந்த “சரிங்க” ஒவ்வொன்றையும் ஒப்புதல் என்று எழுதிக்கொண்டேன்.

ஆவணத்தை, ரிக்வயர்மென்ட் எழுதுவதற்கான தரநிலையான ஐஇஇஇ 830 வடிவத்தில் எழுதினோம். 1998-இல் கடைசியாகத் திருத்தப்பட்ட பழைய வடிவம் அது. 2011-இல் அதற்குப் பதிலாக வேறு தரநிலை வந்துவிட்டது என்றாலும் கல்லூரியில் படித்தது அதுதான் என்பதால் கை அதற்கே போனது. நல்ல ரிக்வயர்மென்ட் ஆவணத்துக்கு எட்டுக் குணங்கள் சொல்வார்கள். அவற்றில் ஒன்று, எந்த வாசகத்துக்கும் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்பது. அந்த ஒன்றை நாங்கள் எவ்வளவு மோசமாகத் தவறவிட்டோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வடிவத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஆங்கிலத்தில் 46 பக்கம் எழுதி, படிக்க நேரமில்லாத மனிதரிடம் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோமே, அதில்தான் குறை. முதலாளி அதைப் படிக்கவில்லை. எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் அவரிடமே போய் நின்றேன். “நாலு நாள் ஸ்டோர்ல உக்காந்துக்கிறேனுங்க. காசு வேண்டாம். ஒரு நாற்காலி போதும்.” அவர் கோபத்தில் இருந்தார், அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் விட்டார்.

முதல் நாள் நான் எதுவும் கேட்கவில்லை. காலை 8 மணியிலிருந்து ஸ்டோர்காரரின் மேசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். டெம்போ வரும். ரோல்களை இறக்கி எடைமேடையில் வைப்பார்கள். அவர் எண்ணுவார், எழுதுவார். அவருடைய நோட்டு லாங் சைஸ், 400 பக்கம், முதுகில் துணி ஒட்டி, அந்தத் துணியும் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் ஏறியிருந்தது. நீலப் பேனாவில் வரவு. சிவப்புப் பேனாவில் போனது. ரோல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சில இடங்களில் பென்சிலில் சின்னதாக ஒரு புள்ளி. சில பக்கங்களின் மேல்மூலை உள்பக்கமாக மடிந்திருந்தது.

மூலை மடிந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கம் அடையாளத்துக்கு என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், லோடிங் பையன் ஒருவன் வந்து நோட்டைப் புரட்டினான். ஒரு பக்கத்தைப் பார்த்தான், மூலை மடிந்திருந்தது, ஒன்றும் கேட்காமல் அடுத்த பார்ட்டியின் துணியை எடுத்துக்கொண்டு போனான். அப்போதுதான் பொறி தட்டியது.

“அண்ணா, இது எதுக்கு மடிச்சிருக்கீங்க?”

“லேப் டிப் ஓகே ஆகலைங்க. ஷேடு பார்த்துப் பார்ட்டி சொல்ற வரைக்கும் அந்தத் துணிமேல கை வைக்கக் கூடாது. மடிச்சிருந்தாப் பசங்க தொடமாட்டாங்க.” (லேப் டிப் என்பது முதலில் சின்னத் துண்டில் போட்டுக் காட்டும் சாய மாதிரி.)

“பென்சில் புள்ளி?”

“எண்ணிக்கைல சந்தேகம். மறுபடி எண்ணணும்.”

எங்கள் 46 பக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை. துணி இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைகள்தான். துணி இருந்தும் தொடக்கூடாத நிலை ஒன்று உண்டு என்பது அந்த மடிப்பில் இருந்தது. முதலாளிக்கே அந்த மடிப்பு தெரியாது. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் தோன்றாது. தினமும் செய்கிற காரியத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அங்கே புழங்கும் நோட்டு, சுவரில் ஒட்டிய தாள், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த சீட்டு, வாட்ஸ்அப் குரூப். புது நோட்டை அல்ல, கிழிந்த நோட்டைக் கேட்பேன். படிவத்தில் அச்சடித்த கட்டங்களைவிட, அந்தக் கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் கையால் எழுதியவற்றைப் பார்ப்பேன். கட்டத்தில் அடங்காமல் போனதால்தானே ஓரத்தில் எழுதுகிறார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். கேள்வியின் போக்கையும் மாற்றிக்கொண்டேன். “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டால் பட்டியல்தான் வரும். “லாட் எப்படிப் போடுவீங்க?” என்று கேட்டால், எப்படிப் போட வேண்டுமோ அந்த முறை வரும், உண்மையில் போடுகிற விதம் வராது. அதனால், “நேத்து மூணாவது லாட் எப்படிப் போச்சு? துணி டெம்போவுல இருந்து இறங்குனதுல இருந்து சொல்லுங்கண்ணா” என்று கேட்டேன். நடந்து முடிந்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லும்போது மனிதர்கள் அழகாகச் சொல்கிறார்கள். “நேத்து அந்த லாட்டுல ஒரு ரோல்ல ஓட்டை இருந்துச்சுங்க, அதத் தனியா வெச்சுட்டு, பார்ட்டிகிட்ட போன்ல கேட்டுட்டு...” என்று நமக்குத் தோன்றவே தோன்றாத கிளைகள் அதில் தானாக வருகின்றன.

இன்னொன்றையும் அங்கேதான் பழகினேன். “எப்பவும் இப்படித்தானுங்களா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. முதல் பதில், “ஆமாங்க, எப்பவும் இப்படித்தான்” என்று வரும். அப்போது அடுத்த கேள்விக்குத் தாவிவிடக் கூடாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாலைந்து மூச்சு பொறுத்தால், “ஆனா...” என்று ஒன்று வரும். “ஆனா பழைய பார்ட்டின்னா டிசி இல்லாமயே இறக்கிக்குவோமுங்க, சாயங்காலம் டிசி வந்துரும்.” “ஆனா ஷேடு அடிபட்டா ரீ-டையிங் போடுவோம், அதுக்குப் பில் கிடையாதுங்க.” சாஃப்ட்வேரை உடைக்கிற விஷயம் எல்லாமே அந்த “ஆனா”வுக்குப் பின்னால்தான் இருந்தது. “பொதுவா”, “பெரும்பாலும்”, “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்ற சொற்களும் அப்படித்தான். இவை காதில் விழுந்தால் நான் இப்போது அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

சண்டையைப் பற்றியும் கேட்க வேண்டும். “கடைசியா எந்தப் பார்ட்டியோட தகராறு வந்துச்சு? எதனால?” இதற்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை, கொட்டிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் ‘பேலன்ஸ்’ விவகாரம் வெளியே வந்தது. எங்கள் சாஃப்ட்வேரில் ‘பேலன்ஸ்’ என்றே ஒரு ரிப்போர்ட் இருந்தது. அதை ஸ்டோர்காரர் தப்பு என்றார், ஃப்ளோர் சூப்பர்வைசர் தப்பு என்றார், அக்கவுண்டன்ட்டும் தப்பு என்றார். எங்கள் கணக்கில் கூட்டல் பிழை இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரே பார்ட்டியின் பெயரைச் சொல்லி மூன்று பேரிடமும் தனித்தனியாக, “இவங்களுக்குப் பேலன்ஸ் எவ்வளவுங்க?” என்று கேட்டேன். ஸ்டோர்காரர் 640 கிலோ என்றார். சூப்பர்வைசர் 210 கிலோ என்றார். அக்கவுண்டன்ட் 1,86,000 என்றார்.

மூன்றும் சரி. ஸ்டோருக்குப் பேலன்ஸ் என்றால் இன்னும் கேட்டைத் தாண்டாத துணி. ஃப்ளோருக்கு, இன்னும் மெஷினில் ஏறாத துணி. அக்கவுண்டன்ட்டுக்கு வரவேண்டிய பணம். ஒரே கட்டடத்தில் பத்து வருடமாக மூன்று பேரும் இந்தச் சொல்லை வைத்துப் பேசிக்கொள்கிறார்கள், ஒரு குழப்பமும் வந்ததில்லை, ஏனென்றால் யார் கேட்கிறார்கள் என்பதை வைத்தே அவர்களுக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. எட்டுக் குணங்களில் ஒன்று என்று சொன்னேனே, ஒரே பொருள் என்பது, அது இங்கேதான் சறுக்கியது.

அதற்குப் பிறகு எந்தத் திரையிலும் ‘பேலன்ஸ்’ என்ற சொல் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களையே போட்டோம்: ‘ஏறாதது’, ‘போகாதது’, ‘வராத பணம்’. முன்பு நாங்கள் நல்ல தமிழில் இருக்கட்டும் என்று ‘துணி ரகம்’, ‘உள்வரவு’ என்றெல்லாம் வைத்திருந்தோம். அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. குவாலிட்டி, டயா, ஜிஎஸ்எம், ரோல், ஷேடு என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாத சொல்லைத் திரையில் பார்த்தால், அது தங்களுக்கானது இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால் ஒரு சொற்பட்டியல் போட ஆரம்பித்தோம். ஒரு சொல், அதை யார் சொல்கிறார், அவருக்கு அதன் பொருள் என்ன என்று மூன்றே கட்டங்கள். ‘முடிஞ்சுது’ என்ற சொல்லுக்கு மட்டும் நான்கு பொருள் வந்தது: சாயம் முடிந்தது, காய்ந்தது, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி எடுப்பது) முடிந்தது, டெலிவரி ஆனது.

முதலாளியிடம் திரும்பப் போனபோது, “ஸ்டாக் ரிப்போர்ட் எப்படி இருக்கணுமுங்க?” என்று நான் கேட்கவில்லை. “ரிப்போர்ட்டைக் கையில வாங்கினதும் முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “நான் எங்கீங்க பண்றேன்? அவங்கதான் எனக்குப் பண்றாங்க.” தன் போனை எடுத்துக் காட்டினார். காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் பதினெட்டு அழைப்புகள், எல்லாம் பார்ட்டிகளின் மெர்ச்சண்டைசர்கள், அதாவது அவர்கள் பக்கத்தில் ஆர்டரைக் கவனிப்பவர்கள். “என் துணி என்னாச்சு?” ஒவ்வொரு தடவையும் அவர் ஃப்ளோருக்குப் போன் போட்டு, அங்கிருந்து ஸ்டோருக்குப் போய், பிறகு பதில் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் கேட்டதன் காரணம் இது. பக்கம் பக்கமாக அச்சடிப்பது அவருக்கு வேண்டியதே இல்லை. பார்ட்டி பெயரைத் தட்டினால் எந்த லாட் எங்கே நிற்கிறது என்று ஒரே திரையில் தெரிந்தால் போதும்.

அதோடு இன்னொரு வலியும் வெளியே வந்தது. “500 கிலோ கொடுத்தேன், 462 தான் வந்திருக்கு” என்று பார்ட்டி பில்லில் கழித்துக்கொள்வது. கிரே துணியை, அதாவது நிட்டிங்கிலிருந்து வந்த வெறும் துணியை, சாயம் போட்டால் எடை குறையத்தான் செய்யும். பஞ்சில் இருக்கிற மெழுகும் அழுக்கும் கொதியில் போய்விடுகின்றன. அது போக, பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் நூல். வியாபாரக் கணக்கிலேயே அதற்கு 8.5 சதவீதம் ஈரம் என்று வைத்திருக்கிறார்கள். மழைநாளில் எடை போட்டு வாங்கிய துணியை ட்ரையரிலிருந்து சூடாக எடுத்து எடை போட்டால் கிலோ எங்கே போனது என்று கேட்கத்தான் தோன்றும். எது நியாயமான குறைவு, எது திருட்டு என்று சொல்ல இவர் கையில் ஒரு தாளும் இல்லை. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் எடை பதிவாக வேண்டும், அதுவும் கையால் எழுதாமல் எடைமேடையிலிருந்து நேராக வர வேண்டும். ‘ஸ்டாக் கரெக்டாத் தெரியணும்’ என்று பிப்ரவரியில் சொன்னாரே, அந்த ஒரு வரிக்குள் இருந்தது இதெல்லாம். ஒருவர் இன்ன ரிப்போர்ட் வேண்டும் என்றால், அவரே யோசித்துக் கண்டுபிடித்த தீர்வை நம்மிடம் சொல்கிறார் என்று பொருள். எந்த வலிக்கு அந்தத் தீர்வு என்று கேட்காமல் கட்ட ஆரம்பித்தால் தவறான இடத்தில் கட்டுவோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. தண்ணீர்க் கணக்கு. பேச்சை எடுத்தாலே வேறு பக்கம் திரும்பிவிடுவார். நொய்யல் ஆறு கெட்டுப்போன விவகாரத்தில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி செய்தால்தான் திறக்கலாம் என்று ஆனதும் அந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. வேலையாட்களை அனுப்பிவிட்டுப் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். எழுதி வைக்கிற எந்த எண்ணும் ஒருநாள் கேள்வியாகத் திரும்பி வரும் என்ற பயம் அவருக்கு இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. யார் யார் எதைப் பார்க்க முடியும், எது எங்கே சேமிக்கப்படும் என்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன். ஒரு மாதம் கழித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற தண்ணீரின் மீட்டர் கணக்கையும் சேர்க்கலாமா என்று அவராகவே கேட்டார். ஒருவர் பேசாமல் இருந்தால் அந்த இடத்தில் தேவை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நம்மேல் நம்பிக்கை இன்னும் வரவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

முதலாளி சொல்வதற்கும் ஃப்ளோரில் நடப்பதற்கும் முரண் வரும்போது ரொம்பக் கவனம் வேண்டும். ஷேடு ஓகே ஆகாமல் எந்த லாட்டும் ஏறாது என்பது முதலாளியின் சட்டம். பழைய பார்ட்டிகளுக்குப் போனில் வாய்வார்த்தை வாங்கிக்கொண்டு ஏற்றுவது நடைமுறை. இதை என்னிடம் சொன்னவரைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து அந்த ஸ்டோரில் யாரும் என்னிடம் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் கூட்டத்தில் பேரே சொல்லாமல், “அவசரத்துக்குப் போன்ல ஓகே வாங்கி ஏத்த வேண்டிய நிலைமை வந்தா, அதை எப்படிப் பதியட்டுமுங்க?” என்று மட்டும் கேட்டேன். முதலாளியே, “அது அப்பப்ப நடக்கறதுதானுங்க. யார் ஓகே சொன்னாங்கன்னு பேரும் நேரமும் இருந்தாப் போதும்” என்றார். ஸ்டோர்காரர் என்னைப் பார்த்தார். அன்று முதல் அவர் என்னிடம் “சரிங்க” என்பதைக் குறைத்துக்கொண்டார். “அது நடக்காதுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாவது ஆவணத்தை 7 பக்கத்தில், தமிழில், ஒரு வாரத்துக் கதையாக எழுதினேன். “செவ்வாய்க்கிழமை காலை ஒரு பார்ட்டியிடமிருந்து 18 ரோல் பாடி துணி வருகிறது, 412.600 கிலோ. வியாழக்கிழமை 2 ரோல் ரிப் வருகிறது, 31.250 கிலோ. இரண்டையும் சேர்த்து 443.850 கிலோவுக்கு ஒரு லாட் போடுகிறார்கள்” என்று ஆரம்பித்து, துணி கேட்டைத் தாண்டும் வரை. கையில் கொடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் ஸ்டோரிலேயே எல்லாரையும் உட்காரவைத்து நானே சத்தமாகப் படித்தேன். மூன்றாவது வரியிலேயே ஸ்டோர்காரர் நிறுத்தினார். “18 ரோல்னு டிசில இருக்கும், எண்ணுனா 17 இருக்கும். அப்ப என்ன பண்ணுவீங்க?” படித்து முடிப்பதற்குள் பதினோரு திருத்தங்கள். ‘ஒரு லாட்டுக்குப் பல டிசி வரலாம்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். எண் போட்டு எழுதியதால், ‘அது எப்படி?’ என்று கேட்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

திரையையும் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டவில்லை. வெள்ளைத் தாளில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். வண்ணத்தில் அழகாகச் செய்து காட்டினால், உழைத்துவிட்டார்கள் பாவம், எதற்குக் குறை சொல்வது என்று நினைக்கிறார்கள். பேனாக் கோட்டை அவர்களே பேனா வாங்கி அடிக்கிறார்கள். ஷேடு ஓகே ஆகாத துணிக்கு என்ன பட்டன் வைக்கலாம் என்று யோசித்தபோது ஸ்டோர்காரர்தான் தாளை இழுத்து ‘மடிச்சு வை’ என்று எழுதினார். இன்றும் அந்தப் பட்டனின் பெயர் அதுதான். அழுத்தினால் அந்த வரியின் மூலையில் ஒரு சின்ன மடிப்பு தெரியும்.

பேசி முடித்த அன்றே, ராத்திரி சாப்பிடுவதற்கு முன், பேசியதை ஐந்தாறு வரியில் தமிழில் தட்டி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். என்ன முடிவானது, என்ன முடிவாகவில்லை, யார் எதைச் சொல்ல வேண்டும். மறுநாள் போட்டால் பாதி மறந்திருக்கும், அவர்களுக்கும் சரி எனக்கும் சரி. அவர்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜையும் எழுத்தாக்கித் திருப்பி அனுப்பி, “இதுதானுங்களே சொன்னீங்க?” என்று கேட்டுவிடுவேன். இதற்கு ஐந்து நிமிடம் போகும்.

“இதையும் சேர்த்திருங்க, சின்ன வேலைதானுங்களே” என்பது வந்துகொண்டேதான் இருக்கும். முன்பெல்லாம் முகம் சுருங்கும், அல்லது ஒன்றும் சொல்லாமல் செய்துவிட்டு உள்ளுக்குள் புழுங்குவேன். இப்போது மறுப்பதில்லை. தேதி போட்டு, கேட்டவர் பெயரோடு எழுதிக்கொண்டு, “இது வந்தா எதைப் பின்னாடி தள்ளட்டுமுங்க?” என்று பட்டியலைக் காட்டிக் கேட்கிறேன். பாதிக்கு மேல் அங்கேயே, “அப்ப இது தீவாளிக்கப்புறம் பார்க்கலாமுங்க” என்று ஆகிவிடுகிறது.

இவ்வளவு பார்த்தும் ஒன்று தப்பியது. 2019 ஏப்ரல் 1 காலை எங்கள் சாஃப்ட்வேர் டிசி எண்ணை முந்தின நாளின் தொடர்ச்சியாகப் போட்டது. அங்கே நிதியாண்டு பிறந்தால் எண் 1-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். மார்ச் 31 ராத்திரி மெஷினில் இருந்த லாட்டுகள் பழைய எண்ணோடே முடிய வேண்டும். ஆடிட்டருக்கு இது பச்சைப்பிள்ளைப் பாடம். ஆடிட்டரோடு நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. அன்றிலிருந்து என் கேள்விகளில் இரண்டு கூடின. வருடத்தில் எந்த நாள் மற்ற நாள் மாதிரி இருக்காது? இந்த அறையில் இல்லாத யாருக்கெல்லாம் இந்தக் கணக்கு போய்ச் சேர்கிறது? நைட் ஷிஃப்ட்காரர், டிரைவர், ஆடிட்டர், பார்ட்டியின் ஆள் என்று பெயர்கள் வரும்போது, ஒவ்வொருவரோடும் அரை மணி நேரமாவது பேசிவிட வேண்டும் என்று குறித்துக்கொள்கிறேன்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு உதவும். அந்த நான்கு நாட்களுக்கு நான் கூலி வாங்கவில்லை, அது என் பிசகுக்கு நான் கொடுத்த விலை. இப்போது கொட்டேஷனின் முதல் வரியே ‘வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது: 5 நாட்கள்’ என்றுதான் இருக்கும், அதற்கான தொகையோடு. எதற்கு என்று கேட்பவர்களிடம் பாடியும் ரிப்பும் கதையைச் சொல்வேன். துணித்தொழில் செய்பவர்கள் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களின் வேலையை இரண்டு முறை விட்டிருக்கிறேன்.

அந்தச் சாயப்பட்டறையில் இப்போது அடுத்த வேலை. பார்ட்டிகளே தங்கள் போனில் துணியின் நிலையைப் பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று முதலாளி கேட்டிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை ஒரு பார்ட்டியின் மெர்ச்சண்டைசரோடு உட்காரப் போகிறேன் என்று ஸ்டோர்காரரிடம் சொன்னேன். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்ககிட்ட அப்புறம் கேக்கலாமுங்க. முதல்ல நம்ம நைட் டெம்போ டிரைவர்கிட்டக் கேளுங்க. ரெண்டு மணிக்குத் துணி கொண்டு போனா அங்க கேட்டுத் திறக்க ஆளிருக்காது. விடிய விடிய வண்டியிலயே கிடக்கும். அந்தத் துணி ‘போனது’ங்களா, ‘போகாதது’ங்களா?”